மோனிஷா, பயோடெக் இரண்டாம் வருஷம்

உக்காருங்க, உக்காருங்க. அது என் பைதான், எடுத்து மடியில வெச்சுக்கறேன். பட்டுப்புடவை கட்டியிருக்கேனா, பக்கத்துல யாராவது கூடையோட வந்து உக்காந்துடுவாங்களோன்னு வெச்சிருந்தேன். உங்களைச் சொல்லல. பட்டுக்கோட்டையா? நானும் அங்கதான். கல்யாணம். இன்னிக்குச் சாயங்காலம் பொண்ணழைப்பு, காலையில முகூர்த்தம். எங்க காலேஜ் ஸ்டூடண்ட். ஆமா, காலேஜ்லதான் இருக்கேன். முன்னாடி இங்கிலீஷ் எடுத்துட்டிருந்தேன், இப்ப மாணவர் நலன். ஸ்டூடண்ட் அஃபேர்ஸ்னு ரூம் வாசல்ல போர்டு இருக்கும். ரேணுகாதேவி மேடம்னு கேட்டா தஞ்சாவூர்ல பாதிப் பேருக்குத் தெரியும். உங்க பொண்ணு ப்ளஸ் டூவா? அடடே, அப்ப நீங்க சரியான ஆளு பக்கத்துலதான் வந்து உக்காந்திருக்கீங்க.

நான் சொல்றேன் கேளுங்க. எல்லாரும் காலேஜ் பாக்க வர்றாங்க, கட்டடத்தைப் பாக்கறாங்க, ஏசி பஸ்ஸைப் பாக்கறாங்க, எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுதுன்னு கேக்கறாங்க. பொம்பளப் பிள்ளையைக் கொண்டாந்து விடறோமே, அவ மேல இங்க யாரு கண்ணு வெச்சிருக்கான்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. நான் வெச்சிருக்கேன் கண்ணு. நம்புங்க, பெத்தவங்களுக்குக் கூட அவ்வளவு தெரியாது.

இப்ப இந்தக் கல்யாணப் பொண்ணையே எடுத்துக்கங்க. பவதாரணி. பவா பவான்னு கூப்பிடுவாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். அப்பாவுக்குப் பட்டுக்கோட்டையில தேங்காய் மண்டி. நல்லாப் படிக்கிற பொண்ணுதான், இல்லேன்னு சொல்லல. காலேஜுக்கு வந்தே ஆளெடுத்தாங்க சென்னைக் கம்பெனிக்காரங்க, முதல் ஆளா இவளைத்தான் எடுத்தாங்க. படிப்பு முடிச்சு ஜூன்ல சேரணும். அன்னிக்கு டிபார்ட்மெண்ட் பூராவும் லட்டு குடுத்தா. எனக்கும் ஒண்ணு கொண்டாந்து குடுத்தா. எனக்கு மட்டும் டிஷ்யூ பேப்பர் இல்லாம குடுத்தா, அதை நான் கவனிச்சேன்.

ஐப்பசி மழையிலதான் ஆரம்பிச்சது வினை. இன்ஸ்டாவுல ஒரு பக்கம் கிளம்பிச்சு, 'மெஸ் புராணம்'னு. யாரு நடத்தறாங்கன்னு தெரியாது. எங்க லேடீஸ் ஹாஸ்டல் சாம்பார்ல ஒரு புழு. அதைக் கரண்டியில எடுத்து வெச்சு வீடியோ. அது நெளியுது, பின்னாடி நாதஸ்வரம் ஓடுது. ஊரே பாத்துச்சு. நான் கேக்கறேன், புழுன்னா என்னங்க? கத்திரிக்காய்ல புழு இருக்கத்தான் செய்யும். மருந்தடிக்காத காய்னு சந்தோஷப்படணும். நான் மெஸ்ல சாப்பிடறதில்ல, எனக்கு அல்சர், வீட்டுலேருந்தே டப்பா கட்டிக்கிட்டுப் போயிடுவேன். ஆனா அந்தப் பக்கம் போனா வாசனை நல்லாத்தான் இருக்கும்.

அப்புறம் மாடியில கொஞ்சம் பிள்ளைங்களுக்கு வாந்தி பேதி. மழைக்காலம், யாருக்குத்தான் வரல? நாலஞ்சு பேருக்கு ட்ரிப்ஸ் ஏத்துனோம். யாரு ஏத்துனது? நாங்கதான் ஏத்துனோம். அதைப் போட்டாங்களா அந்தப் பக்கத்துல? போடல. பேதி ஆனதை மட்டும் போட்டாங்க. மெஸ் காண்ட்ராக்ட் எங்க கரஸ்பாண்டண்ட்டோட மச்சான்கிட்ட இருக்கு, அதையும் படம் வரைஞ்சு போட்டாங்க. நல்ல மனுஷன் அவரு, தீபாவளிக்கு ஸ்டாஃப் எல்லாருக்கும் ஸ்வீட் பாக்ஸ் குடுப்பாரு.

அதோட விட்டாங்களா? நான் போனேன் மெஸ்ஸுக்கு, சமாதானம் பேச. அம்மா மாதிரிதான் பேசினேன். "அனுசரிச்சுப் போங்கம்மா"ன்னு கையைத் தூக்கிச் சொன்னேன். அது ஒரு தப்பா? எவளோ அதைப் படம் புடிச்சுட்டா. நான் வாயைத் திறந்திருக்கிற நேரமா பாத்து. அதை வெட்டி, கீழ 'அனுசரிச்சுப் போங்கம்மா'ன்னு எழுதி, வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிட்டாங்க. என் மூஞ்சியை! டீயில சர்க்கரை கம்மின்னா என் மூஞ்சி. பஸ் லேட்டுன்னா என் மூஞ்சி. பக்கத்துக் காலேஜுக்குப் போயி, கோயமுத்தூர்ல படிக்கிற என் தங்கச்சி பொண்ணு வரைக்கும் போயி, அவ எங்க ஃபேமிலி குரூப்ல போடறா, 'பெரியம்மா, நீங்க ஃபேமஸ்'னு. எங்க வீட்டுக்காரரு சிரிப்பு வெளிய தெரியக் கூடாதுன்னு டிவி சவுண்டைக் கூட்டி வெச்சாரு. என் பையன் கனடாவுல இருக்கான். நான் என்ன அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல், அவ்வளவுதான் பதில். ரொம்ப நாள் கழிச்சு அன்னிக்குத்தான் என் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை போட்டான். அதுவும் எதுக்கு பாருங்க.

நான் அதையெல்லாம் மனசுல வெச்சுக்கற ஆளே இல்ல. அப்பவே மறந்துட்டேன்.

டீன் சார் கூப்பிட்டாரு. "மேடம், ஆளு யாருன்னு தெரியணும். சத்தம் வரக் கூடாது"ன்னாரு. கம்ப்யூட்டர் வாத்தியாருங்க எல்லாம் கையை விரிச்சுட்டாங்க, கண்டுபிடிக்க முடியாதாம். பிஎச்டி படிச்சவங்க! நான் கண்டுபிடிச்சேன். எப்படி? பிள்ளைங்ககிட்ட பேசினேன். அவ்வளவுதான். பிள்ளைங்ககிட்ட பிள்ளையா மாறிப் பேசணும்.

மோனிஷான்னு ஒரு பொண்ணை உண்டாக்கினேன். பயோடெக் இரண்டாம் வருஷம், ஹாஸ்டல். மூஞ்சிக்குப் பதிலா ஒரு சூரியகாந்திப் பூ. கூச்ச சுபாவம், ரூம்மேட்டுங்க யாரும் சேத்துக்க மாட்டாங்க, மைக் ரிப்பேர், அதனால போன்ல பேச முடியாது, டைப்தான். நான் இங்கிலீஷ் எடுத்தவ. கமா எங்க, புள்ளி எங்கன்னு வருஷக்கணக்கா சொல்லிக் குடுத்தவ. இந்தக் காலத்துப் பிள்ளைங்க புள்ளியே வெக்கறதில்ல, வெச்சா கோவமா இருக்கோம்னு அர்த்தமாம். ஒவ்வொரு தடவையும் கை தானா புள்ளி வெக்கப் போகும், இழுத்துப் புடிச்சுக்குவேன். மோனிஷாவை நான் பெத்தேன்னே சொல்லலாம்.

சும்மா போயி ஹாய்னா நம்புவாங்களா? கையில ஏதாவது கொண்டு போகணுமே. தண்ணித் தொட்டியில பல்லி செத்து மிதந்துச்சு, ஆயா போட்டோ எடுத்து எனக்குத்தான் காட்டுச்சு. நான்தான் அதை உன் போன்லேருந்து அழிச்சுடுன்னு சொன்னேன். என்கிட்ட ஒரு காப்பி இருந்துது. அதை மோனிஷா அந்தப் பக்கத்துக்கு அனுப்பினா. உடனே பதில் வந்துது. 'தேங்க்ஸ்டா, இதை நீதான் குடுத்தேன்னு சாகற வரைக்கும் சொல்ல மாட்டோம், பத்திரமா இரு'ன்னு.

அப்புறம் தினமும் பேச்சுதான். சீக்கிரமே அவளே சொல்லிட்டா, 'உன்கிட்ட மட்டும் சொல்றேன் மோனி, நான்தான் பவா'ன்னு. பாருங்க, எவ்வளவு வெகுளி! ஆனா ஒண்ணு சொல்லணும், பாசக்காரப் பொண்ணு. மத்தியானம் ஆனா 'சாப்பிட்டியா மோனி'ன்னு வந்துடும். நான் என் டப்பாவைத் திறந்து வெச்சுக்கிட்டு 'ம் சாப்டேன்'னு போடுவேன். பெத்த பிள்ளை அதைக் கேட்டதில்லைங்க என்கிட்ட. ஒருநாள் சும்மா காய்ச்சல்னு போட்டேன். பதறிட்டா. ரசம் சாதம் வாங்கிட்டு வந்து ரூம் வாசல்ல வெக்கறேன், நீ வெளிய கூட வர வேணாம், எந்த ரூம்னு மட்டும் சொல்லுங்கறா. பொய் சொல்லல, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆபீஸ்ல உக்காந்து அழுதேன். ப்யூன் பாத்து, யாராவது செத்துட்டாங்களான்னு கேட்டான்.

அவ்வளவு பிடிச்சதாலதான் அவளுக்கு ஒரு சான்ஸ் குடுத்தேன். இதை நீங்க கவனிக்கணும். வேற யாரா இருந்தாலும் அப்பவே டீன்கிட்ட பேரைக் குடுத்திருப்பாங்க. நான் அவளை ரூமுக்குக் கூப்பிட்டேன். உக்கார வெச்சேன். "மனசுல என்ன இருந்தாலும் மேடத்துகிட்ட சொல்லும்மா, நான் உன் அம்மா மாதிரி"ன்னேன். "ஒண்ணுமில்ல மேடம், எல்லாம் நல்லாருக்கு மேடம்"னா. எழுந்து போயிட்டா. கதவு இன்னும் மூடல, மோனிஷாவுக்குன்னு தனியா வெச்சிருக்கிற போன் என் டிராயர்ல உறுமுது. எடுத்துப் பாக்கறேன். 'இப்பதான் நலம் மேடத்துகிட்டேருந்து தப்பிச்சு வரேன், அம்மா மாதிரியாம், பாத்தாலே குமட்டுது.' அப்புறம் இன்னொண்ணு. 'அந்த ஸ்டிக்கர் நான்தான் பண்ணேன் தெரியுமா?' அப்புறம் என் மூஞ்சி.

அன்னிக்குச் சாயங்காலம் டீன் சாரைப் பாத்துச் சொல்லிட்டேன். அதுக்காக இல்ல. அன்னிக்குத்தான் அவரு ரூம்ல கூட்டம் இல்லாம இருந்துது.

இப்ப, எங்க காலேஜ்ல ஒரு முறை உண்டு. அதை நான்தான் கொண்டாந்தேன்னு பெருமையாவே சொல்லுவேன். தப்புப் பண்ணின பிள்ளையை அந்தத் தப்புக்காகத் தண்டிக்கவே மாட்டோம். மெஸ்ஸைப் பத்திப் பேசினான்னு ஒரு பொண்ணை சஸ்பெண்ட் பண்ணினா, மறுநாள் கேட் வாசல்ல கேமராவோட நிப்பாங்க. எதுக்கு அந்த வம்பு? பொண்ணுன்னா, அப்பாவைக் கூப்பிடுவோம். ஒரு போட்டோ காட்டுவோம். மிச்சத்தை அவரு பாத்துக்குவாரு. ஆர்டர் கிடையாது, மெமோ கிடையாது, கோர்ட் கேஸ் கிடையாது. பிள்ளையோட பேரும் கெடாது.

போட்டோவுக்கு எங்க போறது? மோனிஷா கேட்டா, வீடியோவெல்லாம் யாருடி இவ்வளவு அழகா பண்றதுன்னு. ஜோயல்னு ஒரு பையன், அவ கிளாஸ்தான், அவன்தான் எடிட்டிங். சரி, கேண்டீன் கேமராவுல பழைய பதிவைத் தேடிப் பாத்தோம். ரெண்டு பேரும் ஒரு லேப்டாப் முன்னாடி. ஒரே இயர்போன், இவ காதுல ஒண்ணு, அவன் காதுல ஒண்ணு. புழு வீடியோவுக்கு நாதஸ்வரம் சேத்துட்டு இருக்காங்க. எனக்குத் தெரியும். ஆனா தேங்காய் மண்டிக்காரருக்கு எடிட்டிங்னா என்ன தெரியும்? தலையும் தலையும் சேந்திருக்கிறதுதான் தெரியும்.

வந்தாரு. வெள்ளைச் சட்டை, தோள்ல துண்டு. போட்டோவைப் பாத்தாரு. கத்தல, ஒண்ணும் பண்ணல. ஒரே கேள்விதான். "பையன் பேரு என்ன மேடம்?"னாரு. ஜோயல்னேன். துண்டை எடுத்து நாலா மடிச்சாரு, மறுபடி பிரிச்சாரு, மறுபடி மடிச்சாரு. அப்புறம் "டிசி குடுத்துடுங்க"ன்னாரு.

பவாவைக் கூப்பிட்டோம். அப்பா காலைப் புடிச்சுக்கிட்டா. "அப்பா, இன்னும் ஒரு செமஸ்டர்தான்பா, வேலை இருக்குப்பா, பரீட்சை மட்டும் எழுதிட்டு வந்துடறேன்பா"ன்னு. அவரு சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் என் பக்கம் திரும்பினா. "மேடம், நீங்களாவது சொல்லுங்க மேடம், நாங்க வீடியோ எடிட் பண்ணிட்டிருந்தோம், வேற ஒண்ணுமே இல்ல மேடம்." நான் கேட்டேன், "எந்த வீடியோம்மா?"

வாயே திறக்கல. என்னையே பாக்கறா. சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பா. அப்பாகிட்ட, இந்த மாதிரி மெஸ்ஸுல புழு, அதுக்கு வீடியோன்னு சொல்லியிருந்தா அந்த மனுஷன் ஒருவேளை நம்பியிருப்பாரு. சொல்லல. ஏன் சொல்லலைன்னு எனக்கும் அப்பப் புரியல. ரெண்டு நாள் கழிச்சு அவங்கம்மா போன்லேருந்து மோனிஷாவுக்கு எழுதறா. 'வீடியோன்னு சொன்னா பல்லி போட்டோ யாரு குடுத்தான்னு கேப்பாங்க மோனி, உன் பேரு வந்துடும், அதான் சொல்லல. நீ பயப்படாதே.' எனக்காக! சாரி, மோனிஷாவுக்காக. பாருங்களேன், என்ன மனசு!

பையனா? பையனுக்கு என்ன, வார்னிங் குடுத்து விட்டுட்டோம். அவங்கப்பா வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு. ஆம்பளப் பிள்ளை, படிப்பைக் கெடுக்க முடியுமா?

பக்கம் அன்னிக்கே நின்னுடுச்சு. சென்னையில பெரிய ஹோட்டல்ல ஒரு கருத்தரங்கு வெச்சாங்க, 'சமூக ஊடகமும் மாணவர் நலனும்'னு. டீன் சார் என்னை அனுப்பி வெச்சாரு. முகம் காட்டாம காது குடுக்கறது எப்படின்னு பேசினேன். பேரெல்லாம் சொல்லல, பிரைவசி முக்கியம். எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. அங்க மெஸ்ஸா? மாத்தலைங்க, அதே காண்ட்ராக்ட்தான். இப்ப யாரும் குறை சொல்றதில்லையே.

மாப்பிள்ளை புதுக்கோட்டை. ஹார்டுவேர் கடை. வயசு கொஞ்சம் கூடத்தான், முன்தலையில முடி இல்ல. இருக்கட்டுமே, பக்குவமா இருப்பாரு. பவா அப்பா நேர்ல வந்து பத்திரிகை வெச்சாரு. "நீங்க வந்துதான் ஆகணும் மேடம், எங்க மானத்தைக் காப்பாத்தினீங்க"ன்னாரு. அதான் பட்டு. குத்துவிளக்கு வாங்கியிருக்கேன், பைக்குள்ள இருக்கு.

இதோட முடிஞ்சிருந்தா உங்ககிட்ட சொல்லவே மாட்டேன். போன வாரம் அவ மோனிஷாவுக்கு எழுதறா. அந்தச் சென்னைக் கம்பெனியில பேசிட்டாளாம். வேற காலேஜ்ல சேந்து பரீட்சையை எழுதி முடிச்சாப் போதும், வேலையை வெச்சிருக்கோம்னு சொல்லிட்டாங்களாம். பொண்ணழைப்பு அன்னிக்கு நாலு மணிக்கு மேக்கப்புக்குப் பார்லருக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம், பார்லருக்குப் பின்பக்கம் ஒரு வாசல் இருக்காம். 'நீ ஒரு சுடிதார் மட்டும் எடுத்துக்கிட்டு அங்க வந்து நில்லு மோனி, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூட வந்தாப் போதும், தனியாப் போக பயமா இருக்கு, உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்ல'ன்னு. ஐயோ! பொம்பளப் பிள்ளை, தனியா, சென்னைக்கு! ஏதாவது ஒண்ணு ஆனா?

மோனிஷா 'கண்டிப்பா வரேன் டி'ன்னு போட்டா. இன்னிக்குக் காலையில நான் பவா அப்பாவுக்கு போன் பண்ணேன். "பார்லருக்கு அனுப்பாதீங்க, பார்லர்காரம்மாவை மண்டபத்துக்கே வரவழைச்சுடுங்க"ன்னேன். ஏன்னு அவரு கேக்கவே இல்ல. "நீங்க தெய்வம் மேடம்"னு சொல்லி போன்லயே அழுதுட்டாரு. இதுக்குத்தாங்க நாங்க இருக்கோம்.

அதனாலதான் சொல்றேன், உங்க பொண்ணைக் கொண்டாந்து என்கிட்ட விடுங்க. நிம்மதியாத் தூங்கலாம். ஆமா, உங்க பொண்ணு இன்ஸ்டாவுல இருக்காளா? என்ன பேரு வெச்சிருக்கா? சும்மாதான் கேக்கறேன். தெரியாதா? எல்லா அம்மாவும் இதையேதான் சொல்றாங்க. எந்த ஸ்கூலுன்னாவது சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்.

ஏன் எழுந்துட்டீங்க? பட்டுக்கோட்டை இன்னும் வரலையே, இப்பதான ஒரத்தநாடு. முன்னாடி சீட்டா? அங்க வெயில் அடிக்கும்ங்க.

இருங்க, இருங்க, மோனிஷா போன் அடிக்குது, அவதான். போறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுட்டுப் போங்க, எப்பேர்ப்பட்ட பொண்ணுன்னு தெரியும். 'மோனி, அப்பாவுக்கு எப்படியோ தெரிஞ்சுடுச்சு. பார்லர் அக்கா இங்கயே வந்துட்டாங்க. ரூமை வெளிய பூட்டியிருக்காங்க, அம்மா போன் மட்டும் எப்படியோ கையில இருக்கு. என் அத்தை பொண்ணுகிட்ட மட்டும்தான் சொன்னேன், அவதான் சொல்லியிருக்கணும், இனிமே செத்தாலும் அவகூட பேச மாட்டேன். நீ வராதே. பஸ்ஸுல இருந்தா எங்கயாவது எறங்கித் திரும்பிப் போயிடு. உன்னைப் பாத்தா சும்மா விட மாட்டாங்க. என்னால உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. போய்ச் சேந்ததும் மெசேஜ் போடு.'

தன் கதி இப்படி இருக்கு, மோனிஷா வீடு போய்ச் சேரணும்னு கவலைப்படறா. அந்த அத்தை பொண்ணு பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது. போகட்டும்.

'பாதி வழி வந்துட்டேன் டி, அழாதே'ன்னு போட்டுட்டேன். பொய்யில்லையே. கழுத்துல தாலி ஏறற வரைக்கும்தான் இந்தப் பூட்டெல்லாம். அப்புறம் மாப்பிள்ளை புதுப் போன் வாங்கித் தரப் போறாராம், பவா அப்பா சொன்னாரு. புதுக்கோட்டையில யாரையும் தெரியாது அவளுக்கு. மாமியார் எப்படியோ, அந்த மனுஷன் எப்படியோ. மத்தியானம் கடைக்கு அவரு போயிட்டா வீட்டுல தனியாத்தான் இருப்பா. டீன் சார் கூட சொன்னாரு, வேலை முடிஞ்சுதே மேடம், அந்த அக்கவுண்ட்டை அழிச்சுடுங்கன்னு. நான் மாட்டேன்னுட்டேன். மனசு விட்டுப் பேச அவளுக்குன்னு ஒருத்தி வேணாமாங்க?